படையலில் அம்மாவுக்கு என்ன வைப்பது?

அம்மா தவறிய பதினாறாம் நாள். கோலாலம்பூர், செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தலைவாழை இலை போட்டாயிற்று. போனவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, கற்பூரம் காட்டி, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நிற்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆறு வருடங்களுக்கு முன் அப்பாவுக்குப் படைத்தபோது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஆட்டுக்கறிப் பிரட்டல், அவித்த முட்டை, காரமாக நண்டு ரசம், பக்கத்தில் ஒரு டின் பீர். சின்னப் பிள்ளைகளைக் கேட்டால்கூடச் சொல்லியிருக்கும்.

அம்மாவுக்கு?

மீன் குழம்பு என்றான் தம்பி. அது உனக்குப் பிடிக்கும் என்றாள் தங்கை. சேமியா பாயசம் வைக்கலாம் என்றாள். அது அவளுடைய பிறந்தநாளுக்கு அம்மா செய்வது. நான் முருங்கைக்கீரைக் கூட்டு என்று வாயெடுத்து அப்படியே நிறுத்திக்கொண்டேன். அதைக் கேட்டுக் கேட்டுச் செய்யச் சொன்னது நான்தான். கடைசியில் அம்மா எங்களுக்கு ஆக்கிப் போட்ட எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வைத்தோம். கதவுக்கு வெளியே நின்றபோது எனக்கு மனசே சரியில்லை. உள்ளே இலையில் இருந்தது அத்தனையும் எங்களுக்குப் பிடித்தது. நாற்பது வருடம் அம்மா கையால் சாப்பிட்ட எங்களில் ஒருவருக்கும் அம்மாவின் நாக்குக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை.

அந்த வாரமே ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கினேன். இரண்டு வருடத்தில் எங்கள் குடும்பத்திலும் அக்கம்பக்கத்திலுமாகப் பதினோரு பெண்களிடம் போய் உட்கார்ந்து அவர்களுடைய சமையலையும், அந்தச் சமையலுக்குப் பின்னால் இருந்த வாழ்க்கையையும் எழுதினேன். எப்படிப் போனேன், எங்கே தவறு செய்தேன், எது பலித்தது என்பதை இங்கே சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் எண்பது வயதில் ஒரு பாட்டி இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்குப் பெண்ணியம் இருபது வயதில் புத்தகங்கள் வழியாக வந்தது. வந்த வேகத்தில் நான் செய்த முதல் காரியம், இனி அடுப்படிக்குள் வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னது. அம்மா மறுப்பு எதுவும் சொல்லவில்லை. என் பங்கு வேலையையும் சேர்த்து அவரே செய்தார். தம்பி முன்பு போலவே டிவி பார்த்துக்கொண்டிருந்தான். நான் விட்டுப் போன வேலை யார் தலையில் போய் விழுந்தது என்று அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. பெண் சமைக்கவே கூடாது என்றும் நினைக்கவில்லை. சமையல்தான் பெண்ணுக்குப் பெருமை என்று மேடையில் பேசுபவர்களையும் நம்புவதில்லை. யார் சமைக்கிறார், யாருக்காக, யார் முதலில் சாப்பிடுகிறார், யார் கடைசியில் என்று கேட்காத சமையல் பேச்சு எனக்குப் பாதிப் பேச்சுதான்.

முதலில் போனது ரவாங்கில் மகன் வீட்டில் இருக்கும் சின்னப் பாட்டியிடம். அம்மாவுக்குச் சித்தி. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் நோட்டைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, "பாட்டி, கருவாட்டுக் குழம்புக்கு மிளகாய்த்தூள் எத்தனை கரண்டி?" என்று கேட்டேன். பாட்டி மிரண்டுபோய் மகன் முகத்தைப் பார்த்தார். மாமா கூடத்து நாற்காலியிலிருந்து, "அவங்களுக்கு அளவெல்லாம் தெரியாதும்மா, எல்லாம் கைப்பழக்கம்" என்றார். அடுத்த கேள்விக்கும் மாமாதான் பதில் சொன்னார். அதற்கடுத்ததற்கும். ஒரு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது, "போதுமான அளவு" என்ற இரண்டு வார்த்தை. அதுவும் மாமா சொன்னது.

இரண்டாம் முறை நோட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். மாமா கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்துப் போனேன். கையில் அரைக் கிலோ நெத்திலி. பாட்டியும் நானும் தரையில் தாளை விரித்து நெத்திலித் தலை கிள்ள உட்கார்ந்தோம். கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். கேள்வி கேட்பதுபோல் இல்லாமல் நான் என் வீட்டுக் கதையைச் சொல்ல, அவர் அவருடைய கதையைச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி, இதையெல்லாம் போனில் பதிவு செய்துகொள்ளட்டுமா?" என்று கேட்டேன். "பண்ணிக்கோ. ஆனா மாமாவுக்குப் போட்டுக் காட்டாதே" என்றார். இன்றுவரை காட்டவில்லை.

அளவுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். முப்பது வெள்ளிக்கு (ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம்) ஒரு சின்ன மின்தராசு வாங்கினேன். சமைப்பவரை எதையும் அளக்கச் சொல்லக் கூடாது. அளக்கச் சொன்னால் அவர் கை தடுமாறும், குழம்பும் கெடும். சமையல் தொடங்குமுன் மிளகாய்த்தூள் போத்தல், உப்பு டப்பா, புளி உருண்டை, எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி வைத்துவிடுங்கள். அவர் பாட்டுக்கு அள்ளிப் போடட்டும். முடிந்ததும் மறுபடி எடை போட்டால் குறைந்திருப்பதுதான் அளவு. சின்னப் பாட்டியின் "ஒரு கை" மிளகாய்த்தூள் 18 கிராம். என் தங்கையின் ஒரு கை 27. கைப்பழக்கம் என்று மாமா தள்ளிவிட்டதை மூன்று முறை சமைக்கவைத்து எடை போட்டேன். மூன்று முறையும் ஒரு கிராம்தான் வித்தியாசம். எண்பது வருடம் பழகிய கையை "அளவு தெரியாது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பாத்திரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அரிசி அளந்தது டின்னுப்பால் குடித்து முடித்த காலி டின்னில். அம்மாவுடைய டின் என்னிடம் இருக்கிறது. மேல் விளிம்பைக் கல்லில் தேய்த்துக் கூர் போக எடுத்திருக்கிறார். ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அந்த நசுங்கலில் கட்டைவிரலை வைத்தால் கை வழுக்காது. அடியில் லேசாகத் துரு. தலைதட்டி அளந்தால் 250 கிராம் அரிசி பிடிக்கிறது. "ஆளுக்கு அரை டின், வீட்டுக்கு மேலே ஒரு பிடி" என்பது அம்மா சொல்லும் கணக்கு. அந்த ஒரு பிடி யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை.

சின்னப் பாட்டியிடம் மூன்றாம் முறை போனபோது மரவள்ளிக்கிழங்கு பற்றிக் கேட்டேன். ஜப்பான்காரன் காலத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதுதான் என் கேள்வி. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவுக்குள் நுழைந்தபோது பாட்டி சிறு பிள்ளை. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி வரத்துக் குறைந்துபோக, லயத்து வீடுகளின், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளின், ஓரமெல்லாம் மரவள்ளி ஊன்றினார்கள். பாட்டியின் அப்பாவைச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம். அவர் திரும்பி வரவில்லை. வீட்டில் அம்மாவும் நான்கு பிள்ளைகளும்.

"கிழங்கை எப்படிச் செய்வாங்க பாட்டி?"

பாட்டி எழுந்து உள்ளே போனார். மாமி சந்தையில் வாங்கி வைத்திருந்த கிழங்கை எடுத்து வந்தார். கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கீறலுக்குள் நகத்தை விட்டு நெம்பினார். மண் ஒட்டிய மேல்தோலும் அதற்கடியில் ரோஸ் நிறத்தில் இருக்கும் தடித்த உள்தோலும் சேர்ந்து ஒரே சுருளாகக் கழன்று வந்தது. "இந்த ரெண்டாவது தோல் கொஞ்சம்கூட ஒட்டியிருக்கக் கூடாது" என்றார். பிறகு துண்டாக்கித் தண்ணீரில் போட்டார். ஊறிய தண்ணீரை இறைத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் வேகவைத்தார். வெந்த தண்ணீரையும் வடித்துக் கொட்டினார். "எங்கம்மா இந்தத் தண்ணிய கோழிக்குக்கூட வைக்க மாட்டாங்க. கசக்குற கிழங்குன்னா ரெண்டு நாள் ஊறப் போட்டு, துருவி, துணியில கட்டிப் பிழிஞ்சு, வெயில்ல காயவெச்சு மாவாக்கித்தான் தருவாங்க." மரவள்ளியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது, கசப்புக் கிழங்கில் அது அதிகம், தோலிலும் அதிகம், ஊறவைத்தும் துருவிப் பிழிந்தும் காயவைத்தும் வேகவைத்தும்தான் அது போகும் என்பது நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. எழுத்து தெரியாத அந்த அம்மா நான்கு பிள்ளைகளையும் அந்தக் கிழங்கைக் கொண்டே உயிரோடு கரை சேர்த்திருக்கிறார். சயாம் ரயிலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். லயத்தில் உட்கார்ந்து கசப்புக் கிழங்கைப் பிழிந்தவர்களைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிழங்கு வெந்ததும் உப்பும் இடித்த மிளகாயும் தூவி, என் கையில் ஒரு துண்டு வைத்தார். "நீங்க?" என்றேன். தலையை ஆட்டினார். சண்டை முடிந்து அரிசி வந்த நாளிலிருந்து மரவள்ளியை வாயில் வைத்ததில்லையாம். பேரப்பிள்ளைகள் கெரெப்பெக் பெடாஸ் என்ற காரமான மரவள்ளிச் சீவல் பொட்டலத்தைப் பிரித்தால் எழுந்து வெளியே போய்விடுவாராம். ஏறக்குறைய எண்பது வருடம். அந்தப் பக்கத்தில் செய்முறைக்குக் கீழே, "சமைத்தவர் உப்புப் பார்க்கவில்லை" என்று எழுதினேன்.

அன்றைக்குத்தான் பெயரும் கேட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் செய்தவரின் சொந்தப் பெயர்தான் இருக்க வேண்டும், இன்னார் அம்மா, இன்னார் பெண்சாதி என்று இருக்கக் கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பேரா? என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட இப்ப யாரும் இல்லையேம்மா" என்றார். பிறகு சொன்னார். அழகான பெயர். அந்தப் பெயரை நான் நாற்பது வருடமாகக் கேட்டதே இல்லை.

அவருடைய அம்மாவின் நாளைப் பற்றியும் சொன்னார். வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியும் என்பதால் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு, விடியுமுன்பே. அதற்கு முன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஆண்களோடு சேர்ந்து அதே நிரையில் மரம் வெட்டி (பட்டையைச் சீவிப் பால் எடுப்பதை அப்படித்தான் சொல்வார்கள்), இரண்டு வாளிப் பாலைத் தோளில் காண்டாக் கட்டையில் தூக்கி வர வேண்டும். 1920களின் கடைசியில் சிலாங்கூர் போன்ற முக்கிய ரப்பர் பகுதிகளில் விதிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் ஆக்கிய சோற்றுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. இந்த ஊர்த் தமிழ்ப் பெண்களின் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் மசாலாவிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அந்தப் பத்துக் காசிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன்.

எனக்குப் பெரிய பாடம் சொன்னவர் பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. ஓய்வு பெற்ற ஆசிரியை, பிரிக்பீல்ட்ஸில் தனியாக இருக்கிறார். எங்கள் குடும்பத்தில் தீபாவளி என்றாலே "பெரியம்மா மட்டன்"தான். கெட்டியாக, கறுப்பாக, மிளகு தூக்கலாக, எலும்போடு பிரட்டி எடுத்த கறி. அதை எழுதாமல் என் நோட்டு முழுமையாகாது என்று நினைத்துப் போனேன்.

"அதை எழுதாதே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. ரகசியமா என்று கேட்டேன்.

"ரகசியம் ஒண்ணும் இல்லை. உனக்குச் செய்யத் தெரியணும்னா சொல்லித் தர்றேன், செஞ்சு சாப்பிடு. ஆனா என் பேர் போட்டு எழுதாதே. அது எனக்குப் பிடிச்சுச் செஞ்சதில்லை."

பெரியம்மா 1964-இல் வேலைக்குச் சேர்ந்தவர். அப்போது ஆண் ஆசிரியருக்கு ஒரு சம்பளம், பெண் ஆசிரியைக்குக் குறைந்த சம்பளம். ராசம்மா பூபாலன் 1960-இல் தொடங்கிய பெண் ஆசிரியர் சங்கம் சம சம்பளம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தது. பெரியம்மாவும் சந்தா கட்டிச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் கல்யாணம். மாமியார், அதாவது என் அப்பாயி, மருமகள் வேலைக்குப் போவதற்கு ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை. காலைச் சோறும் குழம்பும் ஆக்கி வைத்துவிட்டுத்தான் வாசல் தாண்ட வேண்டும். விருந்தாள் வந்தால் கறி அவர்தான் ஆக்க வேண்டும், தீபாவளிக்குப் பத்துக் கிலோ என்றாலும். "அப்புறம் சம சம்பளம் வந்துடுச்சு. பள்ளிக்கூடத்துல ஆம்பளை வாத்தியாரும் நானும் ஒண்ணு. வீட்டுக்கு வந்தா அடுப்பு எனக்கு மட்டும்தான். அந்த மட்டன், நான் வேலைக்குப் போறதுக்கு உங்க அப்பாயிக்கு மாசாமாசம் கட்டின வாடகை."

அப்பாயி என்றால் எனக்கு உயிர். மடியில் படுக்கவைத்துக் கதை சொன்னவர். அந்த அப்பாயியைப் பற்றி இப்படிக் கேட்பது எளிதாக இல்லை. மறுத்துப் பேச நாக்கு நுனிவரை வந்தது. பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம். இப்படிக் கேட்கப் போகிறவர்கள் இதற்குத் தயாராகப் போங்கள். நமக்கு அன்பாக இருந்தவர் இன்னொரு பெண்ணுக்கு அப்படி இருந்திருக்க மாட்டார். இரண்டும் உண்மையாகவே இருக்கும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை மறைக்க வேண்டியதில்லை.

"சரி பெரியம்மா, அப்ப உங்க பக்கத்துல நான் என்ன எழுதறது?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு சீனர் காப்பிக்கடை. வாரத்தில் ஒரு நாள், சம்பளம் வந்த வாரம் என்றால் இரண்டு நாள், பஸ்ஸைத் தவறவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அங்கே உட்கார்ந்து ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி), ஒரு தட்டு ரொட்டி பக்கார் (சுட்ட ரொட்டி). காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமும் வெண்ணெயும் தடவி, ஓரம் வெட்டி, யாரோ ஒருவர் கொண்டுவந்து முன்னால் வைப்பது. "இருபது நிமிஷம். யாருக்கும் நான் எதுவும் ஆக்க வேண்டாம்." அதைத்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் செய்முறை கிடையாது. மட்டன் பிரட்டலை நான் கற்றுக்கொண்டேன், செய்கிறேன், யார் பெயரும் போடாமல்.

அதற்கப்புறம் என் கேள்விகள் மாறிவிட்டன. எப்படிச் செய்வது என்பதைக் கடைசியில்தான் கேட்பேன். முதலில் யாருக்காகச் செய்தீர்கள், யாரிடம் கற்றீர்கள், கற்றுக்கொடுத்தவர் திட்டினாரா, சாமான் இல்லாத நாளில் எதை வைத்துச் சமாளித்தீர்கள், எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் உங்களுக்கு என்ன மிஞ்சியிருக்கும், இனிமேல் சமைக்கவே வேண்டாம் என்று நினைக்கும் பதார்த்தம் எது. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவுடன் முகம் மலராத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை. எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள். வேண்டாம் என்று சொல்வதை அவர் கண் முன்னாலேயே அடித்துவிடுங்கள்.

எங்கள் மாடியில் முறுக்கு விற்கும் அக்காவிடம் போனபோது விஷயம் வேறு பக்கம் போனது. அவருடைய முறுக்குக்குத் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் வந்துவிடும். ஒரு போத்தல் இருபது வெள்ளிக்குக் கொடுத்தார். மாவு, உளுந்து, எண்ணெய், காஸ், போத்தல் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று வெள்ளி அடக்கம், ஏழு வெள்ளி லாபம் என்றார். நாற்பது போத்தல் போட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். அவரும் மகளும் நான்கு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். தாளில் போட்டுப் பார்த்தோம். 280 வெள்ளி லாபம், 80 மணி நேரம். மணிக்கு மூன்றரை வெள்ளி. மலேசியாவில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் பார்த்தால் எட்டு வெள்ளிக்கு மேல். அக்கா அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய்க்குக் கணக்குப் போட்டேன், காஸுக்குப் போட்டேன், எனக்குப் போடலையே" என்றார். அந்த வருடம் இருபத்தைந்து என்று விலை வைத்தார். மூன்று பேர் வாங்கவில்லை. மற்றவர்கள் வாங்கினார்கள்.

அக்காவின் வலது முழங்கையில் எண்ணெய் தெறித்த தழும்பு இருக்கிறது. ஒரு மாதம் கை கட்டிக்கொண்டு இருந்தாராம், ஒரு காசு வருமானம் இல்லாமல். அதனால் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். 2022 டிசம்பரிலிருந்து இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோவில், அதாவது அரசின் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், தனித் திட்டம் இருக்கிறது. வருடத்துக்கு 120 வெள்ளி. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் சேரலாம். வீட்டு வேலை செய்யும்போது நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. சமையலறையில் நடப்பதும் வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. உங்கள் அம்மா, மனைவி, அக்கா யாருக்காவது இந்த வாரமே கட்டிவிடுங்கள்.

இனி அம்மா.

அம்மாவைப் பற்றிக் கேட்க அம்மா இல்லை. தாமதமாகத் தொடங்கிய எனக்கு அதுதான் தீராத வருத்தம். அவருடைய மீன் குழம்பை நானும் தங்கையும் ஏழெட்டுத் தடவை வைத்துப் பார்த்தோம். கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), சின்ன வெங்காயம், வெந்தயம், பூண்டு, கறிவேப்பிலை, மில்லில் அரைத்த மசாலாத்தூள், புளி, தேங்காய்ப்பால். எல்லாம் சரி. ருசி மட்டும் அம்மாவுடையது இல்லை. புளிப்பு முன்னால் வந்து முகத்தில் அடித்தது. அம்மாவின் குழம்பில் புளிப்பு கடைசியில், நாக்கின் ஓரத்தில், மெல்ல வரும்.

விடை கோம்பாக்கில் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த மலாய்க்கார மாக்சிக் (மலாயில் அத்தை, சித்தி போன்ற அழைப்பு), இப்போது மகளோடு அங்கே இருக்கிறார். அம்மா தோட்டத்திலிருந்து கோலாலம்பூருக்கு வந்தது 1977-இல், சுங்கை வேயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை வேலைக்கு. 1970களில் அங்கே தொழிற்பேட்டை வந்ததும் அம்மாவைப் போல எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் மரம் வெட்டிய கையோடு சர்க்யூட் பலகை முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கம்பெனி பஸ், மூன்று ஷிப்ட். நான் பிறந்த பிறகு இரவு ஷிப்ட் வாரங்களில் என்னைப் பார்த்துக்கொண்டது மாக்சிக்.

"ஆசாம் கெப்பிங் போட்டீர்களா?" என்றார் மாக்சிக், நான் குழம்பைப் பற்றிச் சொன்ன உடனே. ஒரு மாதக் கடைசி, வீட்டில் புளி தீர்ந்துபோய் அம்மா கதவைத் தட்டியபோது மாக்சிக் கொடுத்தது இரண்டு துண்டு ஆசாம் கெப்பிங். ஆசாம் என்று பெயரில் புளி இருந்தாலும் அது புளியமரத்துக் காய் இல்லை. குடம்புளி இனத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பழத்தை நறுக்கிக் காயவைத்தது. குழம்பைக் கறுக்கவைக்காது, கெட்டியாக்காது, கொதிக்கக் கொதிக்க மெதுவாகப் புளிப்பை விடும். அன்றிலிருந்து அம்மா பாதிப் புளி, இரண்டு துண்டு கெப்பிங். பரிமாறுமுன் அந்தத் துண்டுகளை எடுத்துவிடுவார், அதனால்தான் எங்கள் கண்ணில் படவே இல்லை. சின்னப் பாட்டியிடமிருந்து வந்த குழம்பு என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி மாக்சிக்குடையது.

விடைபெறும் நேரத்தில், பெரிதாக எதுவும் எதிர்பார்க்காமல், "அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா மாக்சிக்?" என்று கேட்டேன்.

இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். காலை ஏழு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்து அம்மா வருவார். நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அப்பா வேலைக்குக் கிளம்பிப் போயிருப்பார். அம்மா முகம் கழுவிவிட்டு, முந்தின நாள் மீன் குழம்புச் சட்டியை எடுத்துவந்து, மாக்சிக் வீட்டுப் பின்வாசல் படியில் உட்கார்ந்து, சட்டியிலேயே பழைய சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கும் மசாலாவை எல்லாம் விரலால் வழித்துப் பிசைந்து, ஒரு பச்சை வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாராம். கண்ணை மூடிக்கொண்டு. "அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. என் பிள்ளைகளிடம் ஜாங்கான் காச்சாவ் என்று அதட்டி வைத்திருப்பேன்." அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று.

சட்டிச்சோறு. அம்மா கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவதை நாங்கள் மூவரும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். மிச்சத்தைத் தின்கிறார், நமக்காகத் தியாகம் செய்கிறார் என்று நான் ஒரு கவிதைகூட எழுதியிருக்கிறேன். மாக்சிக் சொன்னதோ வேறு. குழம்பு வைக்கும்போதே அம்மா மறுநாள் காலைக்கென்று அடியில் கொஞ்சம் வற்றவிட்டு நிறுத்துவாராம். அந்த மேல் ஒரு பிடி அரிசியும் அதற்குத்தானோ என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. தியாகம் செய்த பெண்கள் உண்டு, பெரியம்மா போல வாடகை கட்டிய பெண்களும் உண்டு. ஆனால் கேட்காமலே எல்லா அம்மாக்களையும் தியாகி ஆக்கிவிடுகிறோம். அவருக்கென்று ஒரு ஆசை இருந்திருக்கும், அதை அவர் நடத்தியும் இருப்பார் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

இரண்டாம் வருடத் திதிக்கு மீன் குழம்பு வைத்தது தம்பி. நோட்டைப் பிரித்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தராசில் எடை போட்டு, கெப்பிங் இரண்டு துண்டு போட்டு, முதல் நாள் இரவே வைத்தான். அம்மாவுடைய பழைய இண்டாலியம் சட்டியில். கெம்போங் மீனை அவனே கழுவினான். முதல் தடவை உப்புக் கூடிப்போய் மறுபடி வைத்தான். காலையில் குழம்பை ஊற்றி வேறு பாத்திரத்தில் எடுத்துவிட்டு, வழிக்காத சட்டியை இலையில் வைத்தோம். பக்கத்தில் டின்னில் ஒரு பிடி பழைய சோறு, ஒரு பச்சை வெங்காயம். ஊரிலிருந்து வந்த ஒரு அத்தை, படையலில் எச்சில் சட்டியை வைப்பார்களா என்று கேட்டார். வைப்போம் என்றாள் தங்கை.

கற்பூரம் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று. பசியெடுத்த தங்கை மகன் கதவைத் தட்டப் போனான். தம்பி அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"இருடா. பாட்டி சாப்பிடட்டும்."